கிண்ணத்தில் விழுந்த நாலாவது வால்

“ஓடிப்போய்ட்டான்றியே, எதுல போனா? மொதல்ல அத்த சொல்லு.”

“எத்திராஜ் வேன்லதான் ஆயா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஸ்டீரிங்க புட்சிகினு ராணியாட்டம் குந்தினு இருந்தா.”

“அந்த வேன்ல எஞ்சின் ஓடுச்சா?”

“இல்ல... முன்னால ஒரு வண்டி கயிறு கட்டி இஸ்துகினு போச்சு.”

“அந்த முன் வண்டில யாரு இருந்தது?”

“எத்திராஜும் அவரு பொண்டாட்டி விஜியும்.”

“அப்போ, பொண்டாட்டிய பக்கத்துல குந்த வெச்சிகினு, இன்னொருத்திய பின்னால கயிறு கட்டி இஸ்துகினு ஒருத்தன் ஓடிப்போறான். அதானே? நல்லா கீதுடி உன் கதை.”

எதிர்வீட்டு அஞ்சலை தண்ணீர் கேனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். அடுத்த வீட்டில் போய் அதே கதையைத்தான் சொல்லியிருப்பாள், கயிறை மட்டும் விட்டுவிட்டு. எங்கள் அம்பத்தூர்த் தெருவில் நல்லவர்கள் நிறைய. அடுத்த வீட்டுக் கவலையைத் தங்கள் கவலையாக எடுத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடப்பார்கள்.

ஓடிப்போனதாகச் சொல்லப்படுகிற ஹெலினா என் மருமகள். அவள் புருஷன் ஃபெலிக்ஸ் என் ஒரே மகன். பெற்ற மகனை விட்டுவிட்டு மருமகளுக்கு வக்காலத்து வாங்குகிறாளே கிழவி, புத்தி பேதலித்துவிட்டதா என்று அதற்கும் ஒரு பேச்சு ஓடுகிறது. நான் பெற்றது ஃபெலிக்ஸைத்தான். அவன் சொன்ன பொய்யை நான் பெறவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பிடித்தால் கேளுங்கள், பிடிக்காதவர்கள் அஞ்சலை வீட்டுக்குப் போங்கள், அங்கே டீயும் கிடைக்கும்.

ஹெலினா முத்தாபுதுப்பேட்டைப் பெண். அவள் அப்பா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். ஊருக்கெல்லாம் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், வீட்டில் பிறந்தது இது. படிப்பை முடித்ததும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அலுமினியச் சாமான் வார்க்கிற இடம். அதில் போல்ட் போகிற ஓட்டைக்குள் மரை, அதாவது போல்ட்டைப் பிடிக்கிற திருகு வரி, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கையில் ஒரு கம்பி கொடுத்திருப்பார்கள். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம்வரை இதையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் எதைப் பார்த்தாலும் போகுமா போகாதா என்று பார்க்கிற கண் அவளுக்கு வந்துவிட்டது.

நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜித் தட்டோடு வந்தவள், மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியைப் பார்த்தாள். “கொஞ்சம் எய்ந்திருங்க, அந்த போல்ட்ல மரை இல்ல” என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை, சிரித்தான். அடுத்த பஜ்ஜிக்குக் கை நீட்டும்போது விழுந்தான். அன்றைக்கே எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. இவள் சொன்னால் சரியாக இருக்கும். இவன் கேட்க மாட்டான்.

எங்கள் வீட்டுக்கு முன்பக்கம்தான் கடை. என் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் ஒரு லேத் மிஷினோடு ஆரம்பித்தது. எஞ்சினில் போல்ட் போகிற ஓட்டைக்குள் மரை தேய்ந்து போய்விட்டால், போல்ட்டைப் போட்டு எவ்வளவு திருகினாலும் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதற்காக எஞ்சினையே தூக்கிப் போட முடியுமா? அந்த ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளேயும் வெளியேயும் மரை போட்ட ஒரு கனமான இரும்பு வளையத்தை இறக்கி, அதற்குள் பழைய போல்ட்டை முறுக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். அந்த வளையத்துக்குப் பேர் புஷ். ‘அந்தோணிராஜ் லேத் ஒர்க்ஸ், புஷ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அவர் வைத்த போர்டுதான் இன்றைக்கும் வாசலில் தொங்குகிறது.

இந்த மரை எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். ஆண்பிள்ளைகளால் போகிறது. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்த பிறகு, “மனசு திருப்திக்கு” என்று சொல்லி, ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறுக்கு முறுக்குவார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை இந்த மனசு திருப்தி இல்லாத மெக்கானிக் ஒருவன்கூட கிடையாது. கர்த்தர் அவர்களை ஆசீர்வதிக்கட்டும், எங்கள் உலையில் அரிசி விழுந்தது அவர்களால்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு ஹெலினா கம்பெனியை விட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிட்டாள். வந்த வேகத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். எல்லாம் கம்பிச் சுருள்கள். ஓட்டைக்குள் புது மரை வெட்டி, அந்தச் சுருளை உள்ளே சுற்றி இறக்கிவிட்டால், அதன் உள்பக்கமே போல்ட்டுக்கு மரையாகிவிடும். அவர்கள் கம்பெனியில் அதைத்தான் போடுவார்களாம். எல்லோரும் ஸ்பிரிங் என்றுதான் சொல்வார்கள்.

ஃபெலிக்ஸ் ஒன்றை விரலில் மாட்டி ஆட்டினான். “இன்னா இது, பால் பாயிண்ட் பேனால இருந்து புடுங்கினியா? இத்த நம்பி எவனாவது எஞ்சினக் குடுப்பானா?”

“புஷ்ஷுக்கு எவ்ளோ பெருசா தொளைக்கிறீங்க? இதுக்கு எவ்ளோ? அத்த பாருங்க மொதல்ல.”

“எங்கப்பன் காலத்துல இருந்து புஷ்ஷுதான்.”

“உங்க அப்பா காலத்துல எஞ்சின் பிளாக்கு எல்லாம் இரும்பு. ஓட்டைய சுத்தி கறியாட்டம் தடிமனா இருந்துச்சு. இப்போ வர்றதெல்லாம் அலுமினியம், அப்பளம் கணக்கா கீது.”

அவள் ஸ்பிரிங் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் அஞ்சலை போன்றவர்கள் கிளப்பிவிட்டதுதான். ஸ்பார்க் பிளக் மாட்டுகிற ஓட்டை என்றால் அவளே புஷ்தான் போடுவாள். பிளக்கை அடிக்கடி கழற்றுவார்கள், கழற்றும்போது ஸ்பிரிங்கும் கூடவே சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும், புஷ் என்றால் இடத்தை விட்டு அசையாது என்பாள். ஆயில் இறக்குகிற ஓட்டைக்கும் அப்படியே. ஆனால் ஓட்டைக்குப் பக்கத்திலேயே எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடுகிற வழி இருந்தால் புஷ்ஷைத் தொட மாட்டாள். வளைத்த கம்பி ஒன்றைத் தண்ணீர் வழிக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாள். நடுவில் இருக்கிற சுவர் மெலிசாக இருந்தால் ஸ்பிரிங். புஷ்ஷுக்காகப் பெரிதாகத் துளைத்தால் சுவர் பிய்ந்து போல்ட் ஓட்டைக்குள் தண்ணீர் வந்துவிடும், பிறகு பிளாக்கை எடைக்குத்தான் போட வேண்டும். தோசை மாவில் இட்லி ஊற்றாதே என்று சொல்கிற மாதிரிதான். இதில் கட்சி எங்கே வந்தது?

வந்தது. ஏனென்றால் புஷ்ஷைக் கையில் வைத்துக் காட்டினால் கனமாக இருக்கும், வண்டிக்காரன் முகம் மலரும். ஸ்பிரிங்கைக் காட்டினால் ஊதினால் பறக்கும். ஃபெலிக்ஸுக்கு வண்டிக்காரன் முகம் முக்கியம். ஹெலினாவுக்கு ஓட்டை முக்கியம். புருஷன் பெண்டாட்டிக்குள் வேறு எதற்காகவும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை, சாம்பாரில் உப்பு கூடியதற்குக்கூட.

ஹெலினா வாய் பொல்லாததுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியை யாராவது இறுக்கினால், “போதும், நிறுத்து” என்பாள். தெருக்காரர்கள் குக்கர் கைப்பிடியைத் திருகினால் கையைத் தட்டிவிடுவாள். ஒரு முறை கோயிலில் ஃபாதர் மைக்கைத் திருகிக்கொண்டிருக்கும்போது, பூசை நடுவில், முதல் வரிசையிலிருந்து “போதும் ஃபாதர்” என்றாள். ஃபாதர் நிறுத்திவிட்டார். என் மகன்தான் எதற்கும் நிறுத்த மாட்டான்.

இப்போது வால் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

ஸ்பிரிங்கின் அடி முனையில் குறுக்காக ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத்தான் ஸ்பிரிங்கை உள்ளே சுற்றி இறக்குவார்கள். இறங்கிய பிறகு ஒரு கம்பியால் தட்டினால் அந்தத் துண்டு ஒடிந்துவிடும். அதைக் கிடுக்கியால் எடுத்து வெளியே போட வேண்டும். அதற்கு எங்கள் கடையில் பேர் வால். எடுக்காமல் விட்டால், நெல்மணி அளவு இருக்கிற அந்த வால் ஒரு எஞ்சினையே தின்றுவிடும்.

அதற்காக ஹெலினா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கடையில் வேளாங்கண்ணி மாதா படம் மாட்டியிருக்கிறோம். படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி வைக்கிற ஒரு பித்தளைக் கிண்ணம். ஒடித்த வால் ஒவ்வொன்றையும் அந்தக் கிண்ணத்தில் போட வேண்டும். எத்தனை ஸ்பிரிங் உள்ளே போயிற்றோ அத்தனை வால் கிண்ணத்தில் விழுந்த பிறகுதான் எஞ்சினை மூடலாம். ஒரு வால் குறைந்தாலும் மூடக் கூடாது. அந்த எஞ்சின் ஓடி வண்டிக்காரன் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கிண்ணத்தைக் கழுவுவாள். மாதாவுக்கு முன்னால் எவனும் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. உபதேசியார் மகள் அல்லவா.

ஆடி மாதம் எத்திராஜின் வேன் வந்தது. எத்திராஜ் திருவேற்காட்டுக்காரர், பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில் ஆள் ஏற்றுகிறவர். அறுபதைத் தாண்டியாயிற்று, சர்க்கரை வியாதி, மேல்வரிசையில் சொந்தப் பல் கிடையாது. அஞ்சலை சொல்கிற காதல் மன்னன் இவர்தான். எந்த மெக்கானிக்கோ மனசு திருப்திக்கு முறுக்கியதில் எஞ்சினுக்கு மூடியாக இருக்கிற தலையைப் பிடிக்கிற போல்ட் ஓட்டைகளில் நாலில் மரை பிய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிற பெண்களைப் பானையோடு அம்மன் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

“புஷ்ஷா போட்டுடலாம் அண்ணாத்தே, ஆயுசுக்கும் அசையாது” என்றான் ஃபெலிக்ஸ்.

ஹெலினா வளைந்த கம்பியை விட்டுத் தடவினாள். “புஷ்ஷு வேணாம்ணா. சுவரே இல்ல இங்க. ஸ்பிரிங்தான்.”

எத்திராஜ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாமா, பேனா ஸ்பிரிங் மாதிரி கீது?”

“பாத்தியா, அவரே சொல்றாரு” என்று ஃபெலிக்ஸ் சிரித்தான். ஆனாலும் அவள் விடவில்லை. கடைசியில் எத்திராஜ், “தங்கச்சி சொல்றாப்பலயே செய்ப்பா, எனக்கு ஞாயித்துக்கிழம வண்டி ஓடணும், அவ்ளோதான்” என்றார். ஃபெலிக்ஸின் முகம் அன்று சாயங்காலம்வரை அணைந்த அடுப்பு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மூன்று ஸ்பிரிங் போட்டாள். மூன்று வால் கிண்ணத்தில் விழுந்தது. அதற்குள் அன்பியக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. எங்கள் பங்கில் வீடு வீடாக மாறி மாறி அன்பிய ஜெபம் நடக்கும், அன்றைக்கு யுவராணி வீட்டில். பாட்டு ஆரம்பிப்பது ஹெலினாதான், அவள் போகாவிட்டால் எல்லோரும் ஆளுக்கொரு ராகத்தில் இழுப்பார்கள். “சிலிண்டர் வாயில துணி வெச்சிருக்கேன், எடுக்காதீங்க, எதுனா உள்ள வுயுந்துடும். நான் வந்து நாலாவதப் போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஃபெலிக்ஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நாலாவதையும் நானே போட்டுட்டேன். வாலு கிண்ணத்துல கீது, எண்ணிக்கோ.”

அவள் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று கிண்ணத்தைப் பார்த்தாள். நாலு இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பேருமாக எஞ்சினை மூடினார்கள். ஊரில் எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கிறவள் அன்றைக்கு எண்ணி மட்டும் பார்த்தாள். போட்டது புருஷன் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை பானையும் பாட்டுமாக வேன் கிளம்பிற்று. கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து டக்டக்கென்று சத்தம் கேட்டதாம். பிறகு சத்தமும் இல்லை, வேனும் நகரவில்லை. பெண்கள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தே போனார்கள். எத்திராஜ் வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பெண்கள் நடுவழியில் திட்டிய திட்டைச் சேர்த்து எங்கள் வாசலில் இறக்கினார். தெருவே கூடிவிட்டது. இழவு வீட்டுக்குக்கூட அத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை.

ஹெலினா எஞ்சினின் தலையைத் திறந்தாள். பிஸ்டன் மேலே, அப்பளத்தில் சீரகம் பதிந்த மாதிரி, ஒரு வால் பதிந்திருந்தது. சுற்றிலும் சிலிண்டர் சுவரெல்லாம் கீறல்.

கூட்டத்துக்கு முன்னால் ஃபெலிக்ஸ் குரலை உயர்த்தினான். “நான் தலதலையா அடிச்சிகினேன் அண்ணாத்தே, புஷ்ஷு போடலாம்னு. நீங்களும்தான் கேட்டீங்க. இவதான் ஸ்பிரிங்கு ஸ்பிரிங்குன்னு நின்னா. புஷ்ஷுக்கு ஏது வாலு? இப்ப பாருங்க!”

உடனே தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மரையைப் பற்றி அதுவரை ஒன்றும் தெரியாதவர்கள்கூட, “அதானே, ஸ்பிரிங்க போய் எஞ்சின்ல வெப்பாங்களா” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். “பொம்பள கை பட்டா அப்படித்தான்” என்று ஒருவன் சொன்னான். அவன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை ஹெலினாதான் போன மாதம் சரிபண்ணிக் கொடுத்திருந்தாள்.

ஹெலினா அந்த வாலைப் பெயர்த்து எடுத்து ஒரு காகிதத்தில் மடித்தாள். எல்லோரும் போன பிறகு, மாதா படத்துக்கு முன்னால் போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து மேஜையில் கவிழ்த்தாள். நாலு வால். மூன்று நெல்மணி மாதிரி, ஒரே அளவு. ஒன்று மட்டும் கடுகு மாதிரி.

“இது ஸ்கூட்டர் கவர் போல்ட்டுக்குப் போட்ட ஸ்பிரிங்கோட வாலு” என்றாள். “குப்பையில இருந்துது. இங்க எப்படி வந்துச்சு?”

ஃபெலிக்ஸ் லேத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

“கிடுக்கில இருந்து வுயுந்துச்சா?”

அவன் துணியை உதறி மடித்தான்.

“சிலிண்டர்ல இருந்து துணிய எடுத்துட்டீங்களா?”

“மூடணும்னு அவசரம்... தேடினேன். கெடைக்கல. கீய எங்கயாவது வுயுந்திருக்கும்னு நெனச்சேன்” என்றான். என் மகன் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதையும் லேத்தைப் பார்த்துச் சொன்னான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “சரி, வால் யாருக்கும் வுயும். எனக்கும் வுயுந்துருக்கு. அதுக்காக எஞ்சின முழுசா கழட்டித் தேடியிருக்கேன். நீங்க மாதா முன்னாடி கள்ள வாலப் போட்டீங்க. அதுவும் போவட்டும். நாளைக்கு எத்திராஜ் அண்ணன் வருவாரு. நாலாவத நான்தான் போட்டேன்னு அவருகிட்ட சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“நாலு பேரு எதிர்ல எம் மானம் இன்னா ஆவறது?”

“எங் கைக்கு மானம் இல்லியா?”

நானும் சொல்லிப் பார்த்தேன். “சொல்லிடுடா நைனா, வாயில இருந்து முத்து கொட்டிடாது” என்றேன். “நீ சும்மா குந்து எம்மா” என்றான். தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட மகனை அடிக்க முடியாது, அதனால் சும்மா குந்தினேன். வாயை மட்டும் மூடவில்லை.

அடுத்த இரண்டு மூன்று நாள் வந்த மெக்கானிக்குகள் எல்லாம் வாசலில் நின்றபடியே, “புஷ்ஷா போட்டுரு ஃபெலிக்ஸு, யக்கா கைய வெக்க வேணாம்” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள், அவளுக்கு முன்னாலேயே சொல்வார்கள். ஃபெலிக்ஸ் “ஆவட்டும், ஆவட்டும்” என்பான். இத்தனை வருஷமாக ஓட்டையைத் தடவிப் பார்த்துச் சொன்ன கை அது. அந்தக் கையைப் பார்த்து எல்லோரும் தொடாதே என்கிறார்கள், தொடலாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஆவட்டும் என்கிறான்.

அதிலும் அவன் நிற்கவில்லை. சொன்ன பொய்யை நிலைநிறுத்த வேண்டுமே. திங்கட்கிழமை வந்த எத்திராஜிடம் புது பிஸ்டன் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டவன், “அந்த ஸ்பிரிங்க எல்லாம் தொளச்சி எறிஞ்சிட்டு புஷ்ஷா போட்டுடறேன்” என்றும் சொல்லிவிட்டான். நாலு ஸ்பிரிங்கும் நன்றாகத்தான் பிடித்திருந்தன. வால்தான் கெடுத்தது, ஸ்பிரிங் கெடுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் நல்லது என்றால் குற்றம் வேறு யார்மேலாவது போய் விழும்.

அவள் போன அன்று காலையில் எத்திராஜ் பெண்டாட்டி விஜியோடு ஒரு இரவல் வண்டியில் வந்திருந்தார். ஃபெலிக்ஸ் பெரிய ட்ரில்லை எடுத்து மாட்டினான். ஹெலினா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து, அந்தக் கையை பிளாக்கின் மேல் வைத்துவிட்டாள்.

“இங்க தொளச்சா தண்ணி வரும். இந்த பிளாக்கு செத்துடும்.”

“கைய எடு எலினா.”

“சொல்ல வேண்டியத சொல்லுங்க, எடுக்கறேன்.”

“என் கடை, என் ட்ரில்லு! இஷ்டமிருந்தா இரு. இல்லாங்காட்டி வாசல் தொறந்துதான் கீது.”

எத்திராஜ் தலையைச் சொறிந்தார். “இன்னாப்பா இது, புருஷன் பொண்டாட்டி சண்டைல என் வண்டி நடுவுல மாட்டிகினு கீது? சொல்றத்துக்கு இன்னா கீது?”

ஹெலினா கிண்ணத்தை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தாள். எத்திராஜ் எட்டிப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விஜி கிட்டே வந்து, விரல் நுனியால் நாலையும் பரப்பினாள். முறத்தில் அரிசி பொறுக்கிப் பழகிய கை.

“இது மட்டும் குருணையாட்டம் கீதே. எங்க வண்டில இருந்தது இதுவா?” என்று கேட்டாள்.

ஹெலினா பிஸ்டன் மேலிருந்து பெயர்த்து எடுத்த வாலைக் காகிதத்திலிருந்து பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் நசுங்கியிருந்தது, ஆனால் மற்ற மூன்றின் கூடப் பிறந்தது என்று யாருக்கும் தெரியும்.

விஜி நாலு நெல்லையும் ஒரு பக்கம் தள்ளினாள். கடுகை மறுபக்கம் தள்ளினாள். பிறகு ஃபெலிக்ஸைப் பார்த்தாள். எத்திராஜும் பார்த்தார்.

“ஃபெலிக்ஸு, நாலாவது யாரு போட்டது? நீயா தங்கச்சியா?”

கேள்வி அவ்வளவுதான். ஒரு வார்த்தைப் பதில். கடையில் கூட்டம்கூட இல்லை, நாங்கள் ஐந்து பேர்தான். ஹெலினா மறுபடியும் பிளாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று பார்க்காத முகத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

ஃபெலிக்ஸ் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் அழுக்கே இல்லை.

“ஞாபகம் இல்ல அண்ணாத்தே” என்றான்.

ஹெலினா பிளாக்கிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போனாள். வந்தபோது ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மரை வெட்டுகிற சாமான் வைக்கும் மரப்பெட்டி. அது அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. மற்றப் பெண்கள் குத்துவிளக்கு கொண்டுவந்தால் இவள் இதைக் கொண்டுவந்தாள்.

“அண்ணே, வண்டி உங்களுது. புஷ்ஷு வேணும்னா இங்கயே வுடுங்க. நான் சொன்னது சரின்னு தோணிச்சின்னா உங்க ஊட்டாண்ட ஒரு கொட்டா இருந்தா குடுங்க, அங்க வந்து முடிச்சித் தரேன்.”

எத்திராஜ் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்த வீட்டில் யார் முடிவு செய்வார்கள் என்று அப்போது தெரிந்தது. “மாட்டுக் கொட்டா காலியாத்தான் கீது” என்றாள் விஜி. “கயித்த எடு.”

எஞ்சின் தலையைச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றினார்கள். இழுக்கிற வண்டிக்கு எத்திராஜ் கயிறு கட்டினார். பின்னால் வருகிற வேனில் ஸ்டீரிங்கையும் பிரேக்கையும் பிடிக்க யாராவது உட்கார வேண்டுமே. விஜிக்கு வண்டி தெரியாது. தெரிந்தவள் ஹெலினா ஒருத்திதான். இதற்குத்தான் இந்தத் தெரு ஓடிப்போனாள் என்று பேர் வைத்திருக்கிறது.

நான் மேஜையில் இருந்த கிண்ணத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவள் பையில் போட்டேன். அந்தக் கடுகு வாலை மட்டும் எடுத்து லேத் மேல் வைத்தேன், பார்க்க வேண்டியவன் பார்க்கட்டும் என்று.

“அத்தே, நீங்களும் வர்றீங்களா?” என்று கேட்டாள்.

“நான் வந்துட்டா இவனாண்ட தெனமும் கேக்கறது யாரு? நீ போ. அவன் வாயத் தொறந்து சொல்ற வரிக்கும் நான் இங்கதான் குந்தினு இருப்பேன்.”

அவள் சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. “பிரஷர் மாத்திரைய மறக்காதீங்க. குக்கர் கைப்புடிய அவர முறுக்க வுடாதீங்க.”

வெளியே எத்திராஜ் வேனின் கொக்கியில் கயிறைக் கட்டி, ஒரு கம்பியைச் சொருகி, பல் இல்லாத வாயை இறுக்கிக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார். ஹெலினா வாசலிலிருந்தே, “போதும்ணா, நிறுத்து” என்றாள். அவர் நிறுத்தினார்.

அப்போதுகூட என் மகன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நானே போய்க் கயிறை அவிழ்த்திருப்பேன். அவள் படியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

“மத்தியானத்துக்கு சோறு?” என்று கேட்டான்.

ஹெலினா பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியைத் தாண்டினாள்.

அஞ்சலை அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.